ரெடிமேட் பாத்ரூம் வாங்கும் முன் வாட்டத்தைப் பாருங்கள்

பட்டறையில் முழுதாகச் செய்து கொண்டுவந்து இறக்கி வைக்கும் ரெடிமேட் அறைதான் போர்ட்டா கேபின். "போர்ட்டா கேபின் பாத்ரூம் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், எது நல்லது?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, கழிவுத் தண்ணீர் எங்கே போகப் போகிறது என்பதைத்தான். பலருக்கும் கதவு நிறம், டைல்ஸ், கண்ணாடி எல்லாம் முடிவாகியிருக்கும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் இருக்காது. பிளம்பிங் வேலையில் இருக்கும் நான் இதைப் பற்றி எழுதக் காரணம் அதுதான்.

"பைப் எல்லாம் உள்ளேயே போட்டு வரும், இறக்கி வைத்தால் போதும்" என்று விற்பவர் சொல்வார். சுவருக்கு உள்ளே வரைக்கும் அது உண்மை. கேபினுக்கு வெளியே மூன்று பைப் முனைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று தண்ணீர் உள்ளே வர, 110 மி.மீ. பைப் கழிப்பறைக்கு, 75 மி.மீ. பைப் குளியல் தண்ணீருக்கு. அதற்கப்புறம் செப்டிக் டேங்க் வரைக்கும் உள்ள வேலை முழுக்க உங்களுடையது. விலைப்பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது.

110 மி.மீ. பைப்புக்கு 40 அடிக்கு ஓர் அடியிலிருந்து 60 அடிக்கு ஓர் அடி வரை வாட்டம், அதாவது சரிவு, வேண்டும். இதைவிடக் குறைந்தால் கழிவு தேங்கி அடைக்கும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வழக்கமாக வரும் ஒரு சூழ்நிலையைச் சொல்கிறேன். முழங்கால் அறுவைசிகிச்சை முடிந்த அப்பாவுக்காக வீட்டின் பக்கவாட்டில் ஒரு கேபின் வைக்க வேண்டும். செப்டிக் டேங்க் 12 மீட்டர் தள்ளிப் பின்பக்கம் இருக்கிறது. 50-க்கு 1 வாட்டம் என்றால் 24 செ.மீ. இறக்கம் வேண்டும். டேங்க்குக்குள் நுழையும் பைப் தரைமட்டத்துக்கு 20 செ.மீ. கீழே இருந்தால், கேபின் பக்கம் பைப்பின் அடி தரைக்கு 4 செ.மீ. மேலேதான் தொடங்க முடியும். கழிப்பறையின் ட்ராப்பும் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைகுழாய்) வளைவும் தளத்துக்குக் கீழே போகும் மாடலாக இருந்தால், அதற்கு இன்னும் ஒரு 35 செ.மீ. விட வேண்டியிருக்கும். ஆக, கேபின் தரை நிலத்திலிருந்து கிட்டத்தட்ட 40 செ.மீ. உயரத்தில் நிற்கும்.

அந்த உயரத்துக்கு இரண்டு மூன்று படி வேண்டும். யாருக்காக வாங்கினோமோ அவரால்தான் ஏற முடியாது. சாய்தளம் கட்டலாம் என்றால், சக்கர நாற்காலிக்குச் சொல்லப்படும் 12-க்கு 1 கணக்கில் 16 அடி நீளம் வரும். பக்கவாட்டுச் சந்தில் அதற்கு இடம் ஏது?

இதற்குத் தீர்வு இருக்கிறது, ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் கேட்டால். பின்சுவர் வழியாக வெளியேறும் பி-ட்ராப் கழிப்பறை வைத்துத் தரச் சொல்லுங்கள். கழிவு பைப் தளத்துக்கு மேலேயே வெளியே வந்துவிடும். குளியல் தண்ணீரைத் தனியாகப் பிரித்துப் பக்கத்திலேயே ஒரு உறிஞ்சுகுழிக்கோ வாழைப் பாத்திக்கோ விட்டுவிட்டால், தரைத் தண்ணீர் இறங்கும் நானி ட்ராப்புக்கு வேண்டிய ஆழம் மட்டும் போதும். கேபின் தரை 15 செ.மீ. உயரத்துக்கு இறங்கிவிடும், சாய்தளமும் 6 அடியில் முடிந்துவிடும். கேபின் செய்து முடித்த பிறகு ட்ராப்பை மாற்றுவது என்றால் தளத்தையே உடைக்க வேண்டும்.

முதியவர்களுக்கு என்றால் அளவையும் கவனியுங்கள். சந்தையில் அதிகம் கிடைக்கும் 4-க்கு 4 அடி கேபின் 16 சதுர அடிதான். குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவு 2.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 30 சதுர அடி. சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். கைப்பிடி வைப்பதற்குச் சுவருக்குள் இரும்புச் சட்டம் கொடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நுரை அடைத்த வெறும் பஃப் பேனல் சுவரில் திருகிய கைப்பிடி ஆள் பாரம் தாங்காது.

கட்டுமான சைட்டுக்கு வாங்குவது வேறு கணக்கு. அங்கே பெரும்பாலும் செப்டிக் டேங்க் இருக்காது, கேபினுக்கு அடியில் ஒரு தொட்டி வைத்துத் தருவார்கள். 20 பேர் வேலை செய்கிறார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒரு தடவைக்கு 8 லிட்டர் என்று வைத்தாலே 480 லிட்டர் ஆகிறது. 500 லிட்டர் தொட்டி ஒரே நாளில் நிறைந்துவிடும். இதில் குளிக்கும் தண்ணீரையும் இணைத்தால் மத்தியானமே வழியும். அதனால் குளியல் தண்ணீரைக் கண்டிப்பாகப் பிரிக்க வேண்டும். தொட்டியைக் காலி செய்யும் லாரி பக்கத்தில் வந்து நிற்கவும் வழி விட வேண்டும். உரிய பாதுகாப்பு இல்லாமல் ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த விஷவாயு இரண்டு மூச்சில் ஆளைக் கொன்றுவிடும். லாரிக் குழாய் எட்டாத மூலையில் கேபினை வைப்பவர், ஒருநாள் யாரையாவது அதற்குள் இறக்கத்தான் போகிறார்.

பயோ டேங்க் வைத்தால் போதும் என்பார்கள். பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கி ரயில்களில் பயன்படுத்தும் தொழில்நுட்பம் அது, நல்லதுதான். ஆனால் அதில் கழிவைச் செரிப்பவை பாக்டீரியாக்கள். ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் ஊற்றினால் அவை செத்துப்போகும். வெளியே வரும் தண்ணீருக்கும் உறிஞ்சுகுழி வேண்டும், கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி. கழுவ வருகிறவரிடம் இதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாத சைட்டில் நான் பயோ டேங்கைப் பரிந்துரைப்பதில்லை.

சைட்டில் பெண்கள் இருந்தால் தனிக் கேபின், ஆண்களுடையதிலிருந்து தள்ளி. கட்டுமான இடத்தில் போதுமான கழிப்பறை வேண்டும் என்று 1996-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியும், போக இடமில்லாமல் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் கல் சுமக்கும் சித்தாள்களை இன்றும் பார்க்கிறேன். மனம் பொறுப்பதில்லை. உள்தாழ்ப்பாள் உறுதியாக இருக்கிறதா, இரவில் விளக்கு எரிகிறதா, நாப்கின் போட மூடியுள்ள கூடை இருக்கிறதா, தண்ணீர் உள்ளேயே வருகிறதா என்று பாருங்கள். இவை இல்லாத கேபினுக்குள் அவர்கள் போக மாட்டார்கள். சைட்டில் ஷவரும் வேண்டாம். வாளி வைக்க உயரமான ஒரு குழாய் போதும்.

ஷவர் பற்றி இன்னொன்று. கேபின் கூரை மேலேயே டேங்க் வைத்தால் ஷவருக்கு ஒரு மீட்டர் உயர அழுத்தம்கூடக் கிடைக்காது, தண்ணீர் சொட்டும். 500 லிட்டர் டேங்க் நிறைந்தால் அரை டன். அதைத் தாங்கும்படி இரும்புச் சட்டம் போட்டிருப்பதாக எழுத்தில் தராதவரை கூரையில் எதையும் ஏற்றாதீர்கள்.

மின்சாரம்தான் எனக்குப் பெரிய பயம். கேபின் இரும்பு, தரை ஈரம், ஆள் வெறுங்கால். சைட்டுகளில் பக்கத்து மின்பெட்டியிலிருந்து எர்த் இல்லாத இரண்டு வயரை இழுத்து கீசருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கேபினின் இரும்புச் சட்டத்துக்கு எர்த் இணைப்பும், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் இல்லாமல் யாரையும் குளிக்க விடாதீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அடுத்து, நிறுத்தும் இடம். நான்கு மூலையிலும் செங்கல் அடுக்கி அதன்மேல் கேபினை வைப்பது தவறு. ஒரு மூலை அமுங்கினாலும் உள்ளே வாட்டம் மாறும், டைல்ஸ் இணைப்பு விரியும். கான்கிரீட் தளமோ வரிசைக் கட்டையோ போட்டு, ரசமட்டம் பார்த்து, போல்ட்டால் பிணைக்க வேண்டும். 2016 வர்தாவும் 2018 கஜாவும் மரங்களையே சாய்த்த ஊர்களில், நான்கு பேர் தூக்கிவிடக்கூடிய எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) கேபின் சும்மா நிற்குமா? வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி நிலத்தடி நீர் மேலே வரும் இடங்களில், புதைத்த காலித் தொட்டி மழைக்காலத்தில் மிதந்து எழும்பும். 1000 லிட்டர் தொட்டி முழுக்க மூழ்கினால் ஏறக்குறைய ஒரு டன் விசை அதை மேலே தள்ளும். தொட்டியைச் சுற்றிக் கான்கிரீட் வளையம் போடுங்கள், புதைக்கும் அன்றே தண்ணீர் நிரப்புங்கள்.

பொருளைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். கடலோரத்தில் சாதா இரும்புச் சட்டம் வேண்டாம். தரைக்கு ஒட்டுப்பலகை மேல் வினைல் ஒட்டித் தருவதைத் தவிர்த்துவிடுங்கள், ஓரத்தில் தண்ணீர் இறங்கி அடியில் உளுத்துப்போகும். ஒரே வார்ப்பாக வந்த எஃப்.ஆர்.பி. தட்டுத் தளம் நல்லது. அடிக்கடி இடம் மாற்றுவதாக இருந்தால் டைல்ஸே வேண்டாம். வெளி இணைப்புகளில் பசை போட்டு ஒட்டாமல், கழற்றி மாட்டும் யூனியனும் வளையும் குழாயும் கேளுங்கள். ஒட்டிய பைப்பை ஒவ்வொரு தடவையும் அறுத்து அறுத்து, கடைசியில் நீட்ட முனையே மிஞ்சாது.

முழுப் பணம் கொடுப்பதற்கு முன்னால் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். நானி ட்ராப்பை அடைத்துத் தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விடச் சொல்லுங்கள், காலையில் கேபினுக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஃப்ளஷ் இழுத்துப் பாருங்கள். கிரேன் கொக்கி மாட்டும் இடங்கள் அடிச்சட்டத்தோடு வெல்டிங் ஆகியிருக்கின்றனவா என்று தட்டிப் பாருங்கள். அப்புறம் உங்கள் தெருவுக்கு வந்து, ஹைட்ரா கிரேன் வண்டி திரும்ப இடம் இருக்கிறதா, கேபினைத் தூக்கும் உயரத்தில் மின்கம்பி குறுக்கே போகிறதா என்று ஆர்டர் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். கம்பி இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி, இறக்கும் நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்த ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கும் சில நாள் பிடிக்கும்.