பாதி நார், பாதி வெள்ளை: ஆல்பைன் ஆஷ் மரத்தை அடையாளம் காணும் வழி

தென்கிழக்கு ஆஸ்திரேலிய மலைகளில் 900 மீட்டர் உயரத்தைத் தாண்டினால், நெடுநெடுவென்று நேராக நிற்கும் ஒரு யூகலிப்டஸ் காடு வரும். அதுதான் ஆல்பைன் ஆஷ். தாவரவியலில் யூகலிப்டஸ் டெலிகடென்சிஸ். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள டெலிகேட் என்ற ஊரிலிருந்து வந்த பெயர் அது. ஆஷ் மரக் குடும்பத்துக்கும் இதற்கும் உறவே கிடையாது.

மரத்தின் உயரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. 80 மீட்டரைத் தாண்டும் மரங்களும் இதில் உண்டு, ஆனால் பக்கத்துக் காட்டில் வளரும் இன்னொரு யூகலிப்டஸான மௌண்டன் ஆஷ் இன்னும் உயரம். முதலில் பட்டையைப் பாருங்கள். அடிமரத்தில் ஏறக்குறைய பாதிவரை பழுப்புச் சாம்பல் நிற நார்ப்பட்டை, அதற்கு மேலே வெள்ளையாக வழுவழுப்பான பட்டை. உரிந்த பட்டை நாடா நாடாவாகத் தொங்கும். வழுவழுப்பான பகுதியில் புழு குடைந்த கிறுக்கல் கோடுகளும் தெரியலாம். மௌண்டன் ஆஷில் சொரசொரப்பு அடிப்பகுதியோடு நின்றுவிடும். மெஸ்மேட் என்ற யூகலிப்டஸ் மரத்திலோ அது சிறு கிளைகள்வரை ஏறும். ஸ்னோ கம் என்ற யூகலிப்டஸ் அடியிலிருந்தே வழுவழுப்பு. அதன் இலை நரம்புகள் நடு நரம்புக்கு இணையாகவே ஓடும்.

பட்டையில் சந்தேகம் வந்தால் மொட்டுதான் தீர்ப்பு. இலைக்காம்பு கிளையோடு சேரும் கக்கத்தைப் பாருங்கள். ஆல்பைன் ஆஷில் ஒரு கக்கத்துக்கு ஒரே கொத்து, அதில் 7 மொட்டுகளோ அதற்கு மேலோ இருக்கும். மௌண்டன் ஆஷில் இரண்டு கொத்துகள் ஜோடியாக வரும். கிளை எட்டாத உயரத்தில் இருக்கும், அதனால் கீழே விழுந்த சுள்ளியைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அது பக்கத்து மரத்துடையதாகவும் இருக்கலாம். ஒரே சுள்ளியை நம்பாமல் நாலைந்தைப் பாருங்கள்.

இலை வளைந்து நீண்டது. அதன் அடி சமமாக இருக்காது. ஒரு பாதி காம்பில் சற்று மேலே முடிய, மறுபாதி கீழே இறங்கும். இது ஆஷ் என்று பெயர் கொண்ட யூகலிப்டஸ் இனங்களுக்குப் பொதுவான குணம் என்பதால், தனியாக இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அதிகம் தவறுவது இளங்காட்டில். கடும் தீயில் ஆஸ்திரேலியப் பெருநிலத்து மரங்கள் செத்து, விதையிலிருந்துதான் மீண்டும் முளைக்கும். டாஸ்மேனியக் கிளையினம் மட்டும் தண்டிலிருந்து துளிர்க்கக்கூடியது. தீக்குப்பின் வந்த கன்றுகளில் நார்ப்பட்டை இன்னும் ஏறியிருக்காது, பூக்கவும் ஆண்டுகள் ஆகும். அங்கே கன்றின் இலையைத்தான் பார்க்க வேண்டும்: அகலமாக, கோணலான அடியோடு, நீலம் பூத்திருக்கும்.