பிதுங்கிய டிஸ்க்கை உடலே தின்றுவிடும்

‘எல்4–எல்5 டிஸ்க் (இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு) வெளியே வந்து நரம்பை அழுத்துகிறது’ என்று ஸ்கேன் அறிக்கை வந்ததும் பலரும் கேட்பது இதைத்தான்: வெளியே வந்த ஜவ்வு தானாக உள்ளே போகுமா, இல்லை வெட்டித்தான் எடுக்கவேண்டுமா? உள்ளே போகாது. ஆனால் பெரும்பாலோருக்கு வெட்டவும் தேவையில்லை. வெளியே வந்த துண்டை உடலே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கிறது.

டிஸ்க்கின் வெளிப்பக்கம், வளையம் வளையமாக அடுக்கிய கெட்டி நார். நடுவில் தண்ணீர் கோத்த கூழ். நார் கிழிந்த இடத்தில் கூழ் பின்புறமாகப் பிதுங்கி நரம்பு வேரைத் தொடுகிறது. எல்4–எல்5 என்றால் பெரும்பாலும் எல்5 வேர். வலி காலின் வெளிப்பக்கமாக இறங்கிக் கட்டைவிரல் வரை போகும். அதற்குக் கீழே உள்ள டிஸ்க் என்றால் எஸ்1 வேர். கெண்டைக்கால், சுண்டுவிரல் பக்கம் இழுக்கும். இதுதான் சயாட்டிகா.

1934இல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தத் தொடர்பை எடுத்துச் சொன்னார்கள். அதிலிருந்து நீண்ட காலம், நரம்பு நசுங்குவதால்தான் வலி என்றே கருதப்பட்டது. 1993இல் சுவீடன் ஆய்வாளர்கள் பன்றிகளின் நரம்பு வேர்மீது, எந்த அழுத்தமும் கொடுக்காமல், இந்தக் கூழை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். அதற்கே நரம்பில் மின்துடிப்பு கடக்கும் வேகம் குறைந்தது. நசுக்குவதோடு நிற்காமல், கூழ் நரம்பைப் புண்ணாக்கவும் செய்கிறது.

ஏன்? டிஸ்க்கின் கூழுக்கு ரத்தக்குழாயே கிடையாது. கரு வளரும் காலத்திலிருந்தே நாருக்குள் அடைபட்டுக் கிடப்பதால் நோய் எதிர்ப்பு செல்களுக்கு அது அறிமுகமில்லாத பொருள். வெளியே வந்த நொடியில் அந்நியன். துண்டின் ஓரத்தில் புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன. அவற்றின் வழியே மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கு செல்கள் வந்து சேர்கின்றன. அவை டி.என்.எஃப். என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அதன் தூண்டுதலில் டிஸ்க்கின் சொந்த செல்களே எம்.எம்.பி.-3 என்ற நொதியைத் தயாரிக்கின்றன. அந்த நொதியின் வேலையால் மேலும் மேலும் விழுங்கு செல்கள் வருகின்றன. தன்னைத் தின்னவருபவர்களுக்குத் துண்டே வழிகாட்டுகிறது! நொதிகள் முதலில், தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் மூலக்கூறுகளை வெட்டுகின்றன. தண்ணீர் வெளியேற, துண்டு வற்றிச் சுருங்குகிறது. மிச்சத்தை செல்கள் விழுங்குகின்றன. முதல் வாரங்களில் வலியால் வாட்டும் இந்த எதிர்ப்பு வேலையேதான் (அழற்சி) துப்புரவு வேலையையும் செய்கிறது.

ஆகவே பார்க்கப் பயங்கரமான பிதுக்கமே வேகமாகக் கரைகிறது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, முற்றிலும் பிய்ந்து தனியாகக் கிடந்த துண்டுகளில் 96 சதவீதம் தானாகச் சிறுத்தன. நாரைக் கிழித்து வெளிவந்தவற்றில் 70. சற்றே துருத்தியவற்றில் 41. வெறும் உப்பலில் 13தான். உப்பல் நாருக்குள்ளேயே இருக்கிறது, விழுங்கு செல்களுக்கு எட்டுவதில்லை. அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்: வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் ஸ்கேனில் அது தெரிகிறது.

இந்த வேலைக்குப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். நெதர்லாந்தில் கடும் சயாட்டிகா இருந்த 283 பேரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். உடனே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஓர் ஆண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் குணமடைந்திருந்தார்கள். காத்திருந்த பிரிவில் 39 சதவீதம் பேருக்குப் பிறகு அறுவை தேவைப்பட்டதும் உண்மை. ஆறு வாரம் கடந்தும் வலி தாங்கமுடியவில்லை என்றால் அறுவை நியாயமான தேர்வுதான்.

அதுவரை? ஓரிரு நாளுக்கு மேல் படுக்கையில் கிடக்கக்கூடாது. தசை இளைத்து வலி நீளும். பத்துப் பத்து நிமிடமாக, நாளுக்கு நான்கைந்து முறை நடக்கலாம். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை. அரைமணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழவேண்டும். இபுப்ரூஃபன் போன்ற மாத்திரைகளைச் சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

கால் முதலில் வெளிவரப் பிறந்தவர் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விடும் என்று இன்றும் கூட்டிப்போகிறார்கள். பெரும்பாலான பிடிப்பு சில வாரங்களில் தானே விடும்; பெயர் மிதித்தவருக்குப் போகிறது. நார் கிழிந்த முதுகில் ஏறி மிதிப்பது ஆபத்து. எம்.ஆர்.ஐ. இயந்திரம் வாங்கச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, ஆறு மாதம் கழித்து அதே நோயாளிகளை மறுபடி ஸ்கேன் செய்து பதிவதற்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் ஒதுக்கவேண்டும் என்பேன். கரைந்துபோன டிஸ்க்கைக் கண்ணால் பார்த்தால் யாரும் அறுவைக்கு அவசரப்படமாட்டார்கள்.

காத்திருக்கவே கூடாத நிலைகள் உண்டு. குதிகாலால் நடக்கமுடியாமல் பாதம் தொங்குவது, காய்ச்சலோடு முதுகுவலி, புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி. இவற்றுக்குத் தாமதமின்றி மருத்துவரைப் பார்க்கவேண்டும். சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, மலம் கட்டுப்படாமல் போனாலோ நரம்புக் கற்றை மொத்தமும் நசுங்கிக்கொண்டிருக்கலாம். நள்ளிரவானாலும் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.