சோர்ட்டுக்குக் கொடுக்கும் ஃபங்ஷனில் 'சமம்' வேண்டாம்

திருகோணமலையில் சி பிளஸ் பிளஸ் எழுதும் பிள்ளைகள் இதே பிழையோடு வந்துகொண்டே இருக்கிறார்கள். போன கிழமை உப்புவெளித் தம்பி ஒருவர். மீன் வியாபாரி ஒருவருக்காக விலைப்பட்டியலை வரிசைப்படுத்தும் புரோகிராம் எழுதியிருந்தார். வீட்டில் ஓடியது, கடையில் போட்டதும் விழுந்துவிட்டது. திறந்து பார்த்தால் அதேதான்: பட்டியலை வரிசைப்படுத்தும் சோர்ட்டுக்குக் கொடுத்த, இரண்டில் எது முன்னால் வரும் என்று ஒப்பிட்டுச் சொல்லும் ஃபங்ஷனில் 'சிறியது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சிறியது அல்லது சமம்'.

"கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லையே சேர்" என்றார். நீங்கள் எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதை எப்படிச் சொல்லும்? சோர்ட் எந்த டைப்புக்கும் பொருந்தும்படி எழுதிய அச்சு, அதாவது டெம்ப்ளேட். அதற்குள் போகும் ஃபங்ஷனை இரண்டு பொருள்களோடு அழைக்க முடிகிறதா, ஆம் இல்லை என்று பதில் வருகிறதா, அவ்வளவுதான் அது பார்க்கும். சமமான இரண்டைக் கொடுத்தால் 'இல்லை' என்றே பதில் வர வேண்டும் என்ற நிபந்தனையைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு.

"பத்து வரியில் சரியாக ஓடியதே?" இந்தப் பேச்சுத்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்புவது. ஜிசிசி என்ற கம்பைலரோடு வரும் நூலகத்தின் சோர்ட் 16 உறுப்புகள் வரை ஒவ்வொன்றாக இடம் பார்த்துச் செருகி முடித்துவிடும். அதற்கு மேல் போனால்தான் பட்டியலைப் பிரிக்கும் லூப் வரும். வேகத்துக்காக அந்த லூப் எல்லையைப் பார்ப்பதில்லை. 'இது நடுவில் எடுத்ததைவிடச் சிறியதா' என்று கேட்டுக்கொண்டே போகும், 'இல்லை' என்றதும் நிற்கும். அறுக்குளா இருபது பெட்டியும் ஒரே விலை என்றால் உங்கள் ஃபங்ஷன் ஒவ்வொரு தடவையும் 'ஆம்' என்கிறது. லூப் பட்டியலைத் தாண்டி, உங்களுக்குச் சொந்தமில்லாத நினைவகத்துக்குள் போய்விடும். விலை எல்லாம் வேறு வேறாக இருந்தால் எத்தனை வரி போட்டாலும் இது வெளியே தெரியாது.

ஒப்பிடும் ஃபங்ஷனை லாம்டாவாக, அதாவது அந்த இடத்திலேயே எழுதும் பெயரில்லா ஃபங்ஷனாக, மாற்றினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகாது. ஃபங்ஷன் பெயரைக் கொடுத்தால் பாயின்டராக, அதாவது அது இருக்கும் நினைவக முகவரியாக, போகும். 2011இல் வந்த லாம்டாவுக்குத் தனி டைப் உண்டு, அதனால் கம்பைலர் அதை அழைக்கும் இடத்திலேயே விரித்துப்போடுவது சுலபம். வேகம் கூடலாம், பிழை அப்படியே இருக்கும்.

'சிறியது' மட்டும் எழுதுங்கள். இறங்குவரிசை வேண்டுமென்றால் 'பெரியது' மட்டும். முன்னால் 'இல்லை' குறி போட்டுத் திருப்பவே வேண்டாம், அப்போது சமமும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். அப்புறம், ஒரே விலையுள்ள நூறு வரிகளை, நினைவக எல்லை மீறலைப் பிடித்துக்காட்டும் அட்ரஸ் சானிடைசரோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கடைக்காரரிடம் கொடுக்க முதல் செய்யுங்கள் பிள்ளைகளே, ஐந்து நிமிடம்கூட ஆகாது.