சூப்பர்விஷன்: மேற்பார்வையா, கண்காணிப்பா, நெறிப்படுத்தலா?

மனநல ஆலோசனைத் துறையில் ‘சூப்பர்விஷன்’ என்பது, பட்டம் பெற்றும் தனித்து இயங்க உரிமம் பெறாத ஆலோசகர், தம்மை நாடி வருவோரைத் தாம் எவ்வாறு அணுகுகிறார் என்பதை மூத்த ஆலோசகர் ஒருவரிடம் முறையாகப் பேசித் திருத்திக்கொள்ளும் ஏற்பாடாகும்.

லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேல், ‘விதேரே’ என்றால் பார்த்தல். நம் ‘மேற்பார்வை’ இரண்டையும் அப்படியே ஏந்தியிருக்கிறது. சிலர் எழுதும் ‘கண்காணிப்பு’ இங்கே பொருந்தாது. இலங்கை, மலாயா தோட்டங்களில் தொழிலாளரைத் திரட்டி வேலை வாங்கியவர் ‘கண்காணி’. அச்சொல் ஆங்கிலத்திலும் ஏறியது. இன்றோ ‘கண்காணிப்பு’ கேமராவையும் காவல்துறையையுமே நினைவூட்டுகிறது. 1920இல் பெர்லினில் தொடங்கப்பட்ட உளப்பகுப்பாய்வு மருத்துவ நிலையத்தில் இந்தப் பயிற்சி முறை உருப்பெற்றபோது, ஜெர்மன் மொழியில் அதற்கு வழங்கிய பெயரில் ‘கொன்ட்ரோலே’ என்ற சொல் இருந்தது. அதற்கும் சரிபார்ப்பு என்பதே முதற்பொருள்.

சொல்லின் நிறம் நடைமுறையிலும் தெரிகிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், முதுகலை முடித்தவர் முழு உரிமம் பெற 3,000 மணி நேரம் மேற்பார்வையின்கீழ்ப் பணிபுரிய வேண்டும்; அதில் 1,500 மணி நேரமாவது நேரடி ஆலோசனையாக இருக்க வேண்டும். மேற்பார்வை செய்பவருக்கும் தனித்தகுதி தேவை. அத்தகைய ஒருவர் அருகில் இல்லாத ஊரகப் பகுதியில், படித்தவர் மணிக்கணக்கை முடிக்க நகரத்துக்குப் பெயர்ந்து அங்கேயே தங்கிவிட்டால், ஆலோசகர் பற்றாக்குறை அடுத்து வருபவருக்கு மேற்பார்வையாளர் பற்றாக்குறையாகவும் மாறுகிறது. காணொலிச் சந்திப்பு தொலைவை ஓரளவு குறைக்கிறது. ஆனால் சிற்றூரில் தகுதியுள்ள ஒரே ஆள் நிறுவனத் தலைவராகவே இருந்துவிட்டால், சம்பளத்தையும் விடுப்பையும் முடிவு செய்பவரிடமே தம் தடுமாற்றத்தையும் சொல்ல நேர்கிறது. யார்தான் மனம்விட்டுச் சொல்வார்?

ஆகவே இரண்டுக்கும் ஒரே சொல் போதாது. வருகைப்பதிவும் பணி ஒதுக்கீடும் ‘நிர்வாக மேற்பார்வை’. ஆலோசனைத் திறனைச் செப்பனிடுவது ‘துறைசார் மேற்பார்வை’. இதைச் செய்பவரை, ஆய்வு மாணவருக்கு வழிகாட்டும் பேராசிரியரைப் போல ‘நெறியாளர்’ என அழைப்பது எனக்கு உவப்பானது (தொலைக்காட்சி விவாதத்தை நடத்துபவரும் நெறியாளரே என்பது சிறு இடையூறு). எனினும், பயிற்சி பெறுபவரின் பணிக்கு அவரும் பொறுப்பேற்கிறார் என்பதை ‘நெறிப்படுத்தல்’ உணர்த்தாததால், உரிம விதிகளையும் ஒப்பந்தங்களையும் எழுதுமிடத்தில் ‘துறைசார் மேற்பார்வை’ என்பதே நிற்க வேண்டும்.