சாயத்துக்கு முன்னால் அரத்தை எடுங்கள்

பென்சில்வேனியாவில் பழைய துப்பாக்கிகளின் மரக்கட்டையைச் சீர்செய்வதுதான் என் தொழில். பாகங்களாக விற்கும் கிட் வாங்கி, லாங்ரைஃபிள் என்கிற பழங்கால நீளக்குழல் துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டியவர்கள் அதைக் கொண்டுவந்து, "பழசு மாதிரியே தெரியலையே, என்ன சாயம் அடிக்கலாம்?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். சாயத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் மரத்தைக் குறைக்க வேண்டும்.

பல கிட்களில் கட்டை கொஞ்சம் தடிமனாகவே வரும். பூட்டுகிறவர் இழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்த மரம் அது, ஆனால் முக்கால்வாசிப் பேர் உப்புத்தாள் தேய்த்து அப்படியே முடித்துவிடுகிறார்கள். 1700களில் லங்காஸ்டர் பக்கம் ஜெர்மானிய வழிவந்த கைவினைஞர்கள் செய்த ஒரு துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தால், குழலின் இரு பக்கமும் முன்கட்டை எவ்வளவு மெல்லிசாக ஓடுகிறது என்பது விரலுக்கே தெரிந்துவிடும். சக்கிமுக்கிக் கல்லை அடித்துத் தீப்பொறி எழுப்பும் லாக் என்கிற பொறியைச் சுற்றி மரம் ஒரு மெல்லிய கரையாகத்தான் நிற்கும். கிட்டில் அதுவே அகலப் பட்டையாக நின்று தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். மர அரமும் ஸ்கிரேப்பரும் போதும். உப்புத்தாள் விளிம்புகளையெல்லாம் மழுக்கிவிடும் என்பதால் அதை நான் கடைசிக்குத்தான் வைப்பேன்.

சரி, நிறத்துக்கு வருவோம். அலை அலையாய் வரி ஓடும் கர்லி மேப்பிள் மரத்தின் வரிகளை எடுத்துக்காட்ட இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலம் பூசுவது பழைய முறை. பூசிக் காய்ந்ததும் சூடான காற்று வீசும் ஹீட் கன் காட்டினால் பச்சை கலந்த மஞ்சள் மெல்ல மெல்ல செம்பழுப்பாக மாறுவது பார்க்கவே அழகு. ஆனால் இரும்பைக் கரைக்கும்போது எழும் பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அதை மூடிய கராஜில் சுவாசித்துவிட்டு அப்போதைக்கு லேசான இருமலோடு போய்விட்டது என்று நினைப்பீர்கள், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம், உயிருக்கே ஆபத்து. தூசிக்குப் போடும் மாஸ்க் இதைத் தடுக்காது. ஃபெர்ரிக் நைட்ரேட் படிகத்தை வாங்கித் தண்ணீரில் கரைத்துப் பூசுங்கள், கிட்டத்தட்ட அதே நிறம் கிடைக்கும், கரைக்கும்போது எழும் அந்தப் புகை இல்லை. சூடு காட்டும் வேலையை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சமையல் சோடா கலந்த நீரால் துடைத்துவிடுங்கள், மிச்ச அமிலம் குழல் உட்காரும் பள்ளத்தில் தங்கினால் இரும்பு துருப்பிடிக்கும். மேலே ஆளிவிதை எண்ணெய் வார்னிஷ் போதும், பாலியூரிதேன் பளபளப்பு வேண்டாம்.

சங்கிலியால் அடித்து வடு உண்டாக்குவது எனக்குப் பிடிக்காது. நிஜத் தேய்மானம் கண்ட இடத்திலெல்லாம் வராது, தூக்கிப் பிடிக்கும் இடத்தில் வரும், வெடிமருந்து பற்றும் கிண்ணத்தை ஒட்டிய மரம் கருகியிருக்கும்.

வேலை தொடங்குமுன் மருந்து கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே குறி வைத்து, வெளியே எடுத்து, குறி வாயோடு பொருந்தும்படி குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி குழலின் பக்கத்தில் நெருப்பு உள்ளே போகும் மருந்துத் துளை வரைக்கும் எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ கெட்டித்துக் கிடக்கிறது. பழைய வீடுகளிலிருந்து வரும் துப்பாக்கிகளில் இது நடக்கிற விஷயம்தான். சுடுகிறவர்கள் கருமருந்தோ அதற்கென்றே விற்கும் மாற்று மருந்தோ மட்டும் போடுங்கள், நவீனப் புகையில்லா மருந்து குழலையே வெடிக்கவைக்கும்.

கடைசியாக, குழலைக் கழற்றி அடிப்பக்கத்தில் உங்கள் பெயரையும் ஆண்டையும் பொறித்துவிடுங்கள். நன்றாகச் செய்த ஒன்றை நாளை வேறொருவர் 1780ஆம் ஆண்டு அசல் என்று சொல்லி விற்கப் பார்ப்பார். அந்தப் பெயர் இல்லாத கிட்டுக்குப் பழமை ஏற்றும் வேலையை நான் எடுப்பதில்லை.