யாரோடு ஒப்பிட்டு, எந்தச் சோதனையில்?

1958 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை வாஷிங்டனில் செய்தியாளர்களுக்கு ஒரு செயல்விளக்கம் நடத்தியது. ஐபிஎம் 704 என்ற பெரிய கணினியில், ஃபிராங்க் ரோசன்பிளாட் என்ற ஆய்வாளர் வடிவமைத்த பெர்செப்ட்ரான் என்ற கற்கும் நிரல் ஓடியது. சில அட்டைகளில் இடப்பக்கம் குறி இருந்தது, சிலவற்றில் வலப்பக்கம். சுமார் 50 முயற்சிகளுக்குப் பிறகு இரண்டையும் பிரித்தறிய இயந்திரம் தானாகவே கற்றுக்கொண்டது. மறுநாள் நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது: நடக்கவும் பேசவும் பார்க்கவும் எழுதவும் தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கவும் தான் இருப்பதை உணரவும் போகிற கணினியின் கருவைக் கடற்படை காட்டியிருக்கிறது.

அந்தச் செயல்விளக்கத்தில் ஏமாற்று எதுவும் இல்லை. விதிகளை மனிதர் எழுதித் தராமல், உதாரணங்களைப் பார்த்தே இயந்திரம் கற்றது உண்மையான புதுமை. மூளை நரம்புகளின் பின்னலைப் பார்த்து அமைத்த இன்றைய நரம்பியல் வலைப்பின்னல் நிரல்களின் மூதாதை அது. ஆனால் அட்டையின் இடம் வலத்தைப் பிரிப்பதற்கும் தன்னுணர்வு பெறுவதற்கும் இடையிலான தொலைவை ஒரே நாளில் ஒரு வாக்கியம் தாண்டிவிட்டது. செயற்கை நுண்ணறிவு பற்றிய செய்திகளில் அந்தத் தாவல் இன்றும் நடக்கிறது. அப்பட்டமான பொய்யால் நடப்பது குறைவு. சோதனைக்கூடத்தில் ஓர் எண் பிறக்கும்போது அதனுடன் ஒரு நிபந்தனையும் பிறக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். நிறுவனத்தின் அறிக்கைக்கு வரும்போது நிபந்தனை சுருங்கும். தலைப்புக்கு வரும்போது எண் மட்டுமே மிஞ்சும்.

2023 மார்ச்சில் ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4 என்ற, கேள்விக்கு விடை எழுதித் தரும் மொழி மாதிரி வெளியானபோது, அமெரிக்க வழக்கறிஞர் தகுதித் தேர்வில் அது முதல் 10 சதவீதத்தினருக்குள் வந்துவிட்டது என்ற செய்தி உலகைச் சுற்றியது. யாருக்குள் முதல் 10 சதவீதம்? அந்த ஒப்பீடு பிப்ரவரித் தேர்வை எழுதியவர்களோடு செய்யப்பட்டது. சட்டம் படித்து முடித்தவர்கள் பெரும்பாலும் ஜூலையில் எழுதுகிறார்கள். பிப்ரவரியில் வருவோரில் கணிசமானவர்கள் ஏற்கெனவே தவறி, மறுபடி முயல்பவர்கள். 2024இல் வெளியான ஒரு மறு ஆய்வு, இயந்திரம் பெற்றதாகச் சொன்ன மதிப்பெண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர்களை மட்டும் மாற்றிப் பார்த்தது. முதன்முறையாக எழுதுவோரில் சுமார் 62 சதவீதத்தினரைத்தான் அது முந்தியது. தேர்ச்சி பெற்றவர்களோடு மட்டும் ஒப்பிட்டால் 48 சதவீதம். அவர்களோடு கட்டுரை வினாக்களில் மட்டும் மோதவிட்டால் ஏறத்தாழ 15 சதவீதம்.

ஒரு மொழி மாதிரி அந்தத் தேர்வில் தேறுவதே எனக்குப் பெரும் வியப்பு. அந்த வியப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வருத்தமெல்லாம், உண்மையே இவ்வளவு சுவையாக இருக்கும்போது அதன் மேல் ஏன் இன்னொன்றைப் பூச வேண்டும் என்பதுதான். தேர்வு என்ற கருவியே மனிதருக்காகச் செய்யப்பட்டது. ஒருவர் அந்த வினாக்களுக்கு விடை எழுதினால், கட்சிக்காரரிடம் பேசவும் வழக்கைத் தயாரிக்கவும் அவரால் முடியும் என்று நாம் ஊகிக்கிறோம். இயந்திரத்துக்கு அந்த ஊகம் பொருந்த வேண்டியதில்லை. அதே வகை வினாக்களும் விடைகளும் அதற்குப் பயிற்சியளித்த தரவிலேயே கலந்திருக்கவும் கூடும்.

"95 சதவீதத் துல்லியம்" என்ற சொற்றொடருக்கு வருவோம். இதைத்தான் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 10,000 பேரில் 100 பேருக்கு ஒரு நோய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நோயுள்ளவரையும் இல்லாதவரையும் 95 சதவீதம் சரியாகச் சொல்லும் கருவி ஒன்று வருகிறது. நோயுள்ள 100 பேரில் 95 பேரை அது கண்டுபிடிக்கும். நோயில்லாத 9,900 பேரில் 5 சதவீதம், அதாவது 495 பேரையும் நோயாளி என்று சொல்லும். ஆக, கருவி கைகாட்டிய 590 பேரில் உண்மையான நோயாளிகள் 95 பேர்தான். ஆறு பேருக்கு ஒருவர்கூட இல்லை. இன்னொரு கருவி யாரையுமே சோதிக்காமல், எல்லோருக்கும் "நோய் இல்லை" என்று அச்சடித்துக் கொடுத்தால் அதன் துல்லியம் 99 சதவீதம். ஒரு நோயாளியைக்கூட அது கண்டுபிடித்திருக்காது. நோய் எவ்வளவு அரிது என்று சொல்லாத துல்லியக் கணக்கால் நமக்குப் பயனில்லை.

அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் செப்சிஸ் ஆபத்தை முன்கூட்டியே எச்சரிக்க ஒரு மென்பொருள் பயன்பட்டுவந்தது. தொற்றுக்கு உடல் கட்டுப்பாடின்றி எதிர்வினையாற்றி உறுப்புகள் செயலிழக்கும் நிலைதான் செப்சிஸ். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் சுமார் 38,000 அனுமதிகளை வைத்து அந்த மென்பொருளைத் தனியாகச் சோதித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதத்தினரை அது தவறவிட்டிருந்தது. உருவாக்கியவர்கள் சொன்ன திறனைவிட அங்கே தெரிந்த திறன் வெகுவாகக் குறைவு. உருவாக்கியவரே அளந்த எண்ணும், வேறொருவர் வேறோர் இடத்தில் அளந்த எண்ணும் ஒன்றாகிவிடாது.

ஏன் இப்படி ஆகிறது? கொரோனா காலம் தெளிவான விடை தந்தது. நெஞ்சு எக்ஸ்ரே, சிடி படங்களிலிருந்து கோவிட்டைக் கண்டறியும் கணினி மாதிரிகள் குவிந்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தலைமையேற்ற குழு 2,212 ஆய்வுகளில் தொடங்கி, 62ஐத் தேர்ந்து ஆழமாக ஆராய்ந்தது. மருத்துவப் பயன்பாட்டுக்குத் தகுந்தது ஒன்றுகூட இல்லை என்று 2021இல் அறிவித்தது. அதில் கண்ட குறைகளுள் ஒன்று மனத்தில் தைக்கிறது. சில ஆய்வுகளில் கோவிட் படங்கள் பெரியவர்களுடையவை. கோவிட் இல்லாத படங்கள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுடையவை. அப்படிப்பட்ட தரவில் பழகும் இயந்திரம் நோயைத் தேட வேண்டியதில்லை. குழந்தையின் நெஞ்சையும் பெரியவரின் நெஞ்சையும் பிரித்தாலே முழு மதிப்பெண். எந்தக் குறுக்குவழி விடையைத் தருகிறதோ அதை அது பிடித்துக்கொள்ளும். அதே தரவின் ஒரு பகுதியில் சோதித்தால் எண் பளபளக்கும். வேறு மருத்துவமனைக்குப் போனதும் சரியும்.

செய்தியின் வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும். 2017இல் ஃபேஸ்புக்கின் இரண்டு உரையாடல் நிரல்கள் "ரகசிய மொழி உருவாக்கின, அஞ்சி நிறுத்தினார்கள்" என்று பல இதழ்கள் எழுதின. நடந்தது வேறு. பேரம் பேசக் கற்ற அந்த நிரல்களுக்கு, சரியான ஆங்கிலத்தில் பேசினால் மதிப்பு உண்டு என்று யாரும் வரையறுக்கவில்லை. அதனால் சொற்கள் குழம்பித் திரும்பத் திரும்ப வந்தன. ஆய்வாளர்கள் அமைப்பைத் திருத்திக்கொண்டார்கள்.

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்பது இங்கே நமக்கு உதவுகிறது. செய்தது, செய்யும், செய்யக்கூடும் ஆகிய மூன்றும் மூன்று வேறு செய்திகள். 2016இல் இத்துறையின் முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன், கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை நிறுத்திவிடலாம், ஐந்தாண்டுகளில் இயந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்றார். ஆண்டுகள் கடந்துவிட்டன, அந்த மருத்துவர்களின் தேவை குறையவில்லை. அவருடைய ஆய்வுகள் மாபெரும் சாதனைகள். அந்த வாக்கியம் மட்டும் எதிர்கால வினையில் முடிந்தது.

நம்பத் தகுந்த செய்தி எப்படி இருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் போட்டி ஒன்று 1994 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. சோதனை முறையில் வடிவம் கண்டறியப்பட்டு, ஆனால் இன்னும் வெளியிடப்படாத புரதங்களையே அதில் வினாவாகத் தருவார்கள். விடை முன்கூட்டியே பயிற்சித் தரவில் நுழைய வழியில்லை; திருத்துபவர்களும் வேறு ஆட்கள். 2020இல் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆல்ஃபாஃபோல்டு என்ற நிரல் அங்கே பெற்ற மதிப்பெண்களின் நடுமதிப்பு 100க்கு 92.4. சுமார் 90 பெற்றாலே சோதனை முறைக்கு நிகர் என்று கருதுவார்கள். அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024இன் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆனால் அதை வைத்து மருந்துகள் நாளைக்கே வந்துவிடாது. வடிவம் தெரிந்த பிறகும் மருந்தைத் தேடவும் மனிதரிடம் பரிசோதிக்கவும் ஆண்டுகள் ஆகும். ஆல்ஃபாஃபோல்டு கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள் பொதுத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. எந்தப் புரதத்தைத் திறந்தாலும், கணிப்பில் மிக உறுதியான பகுதி அடர்நீலத்தில் தெரியும். நம்ப முடியாத பகுதி, அதே படத்தில், ஆரஞ்சு நிறத்தில் தெரியும்.