மின்மயமாக்கல்

தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி இழுத்து, துணைமின் நிலையங்கள் அமைத்து, மின்சார இன்ஜின் ஓடுவதற்கு ஏற்றபடி பாதையைத் தயார் செய்யும் பணியை ரயில்வேயில் மின்மயமாக்கல் என்கிறோம். ஆங்கிலத்தில் ‘எலக்ட்ரிஃபிகேஷன்’. அதன் வேர், அம்பரைக் (மரப்பிசின் இறுகி உண்டான மஞ்சள் நிறப் பொருளை) குறிக்கும் ‘எலெக்ட்ரான்’ என்ற கிரேக்கச் சொல். தேய்த்த அம்பர் துரும்பை இழுக்கும் என்பதால் மின்சாரத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் ‘மின்’ மின்னலைக் குறிக்கும் சொல்.

‘மயம்’ வடமொழி ஒட்டு. நிறைந்திருத்தல் என்று பொருள். எங்கும் சிவமயம், ஊரெல்லாம் புகைமயம் என்கிறோமே, அதேதான். குழப்பமும் அதிலிருந்துதான் வருகிறது. ‘ரயில்வே மின்மயமானது’ என்று படித்தவுடன் எல்லா ரயிலும் மின்சாரத்தில் ஓடுவதாக நினைத்துவிடுகிறோம். மின்மயமாவது பாதை மட்டுமே. கம்பிக்கு அடியிலும் டீசல் இன்ஜின் ஓடலாம், ஓடவும் செய்கிறது.

இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவுக்கு 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் (டி.சி.) ஓடியது. சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதைக்கு 1931-இல் மின்சாரம் வந்தது. இன்றைய கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் (ஏ.சி.) பாய்கிறது. தண்டவாளத்திலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் போகும் அந்தக் கம்பியை நேரான பாதையில்கூட நேராகக் கட்டுவதில்லை. நடுக்கோட்டுக்கு இருபுறமும் 20 சென்டிமீட்டர் வரை மாறி மாறி விலக்கிக் கட்டுகிறார்கள். நேராகக் கட்டினால் இன்ஜின் கூரைமேல் கம்பியை உரசி வரும் கார்பன் பட்டை ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளமாகிவிடும். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

2014 வரை மின்மயமானது சுமார் 21,800 கிலோமீட்டர். 2025-இல் அகலப்பாதையில் (பிராட் கேஜ்) 98 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. பெரிய சாதனைதான். ஆனால் இது வழித்தட நீளக் கணக்கு. இரட்டைப் பாதையானாலும் நூறு கிலோமீட்டர் தொலைவு நூறாகவே எண்ணப்படும். மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயில், தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமே உள்ள மீட்டர் பாதை என்பதால் இதில் சேராது.

ஆகவே ‘ரயில் பாதை மின்மயமாக்கல்’ என்று ‘பாதை’யைச் சேர்த்து எழுதுவதே சரி. தனித்தமிழ் விரும்புவோர் ‘இருப்புப்பாதை மின்னாக்கம்’ எனலாம். ‘மின்னாக்கம்’ என்று மட்டும் எழுதினால் மின் உற்பத்தியாகப் பொருள்படும். ‘மின்னூட்டம்’ வேண்டாம், இயற்பியல் பாடநூல்களில் அதற்கு வேறு பொருள் (‘எலெக்ட்ரிக் சார்ஜ்’) இருக்கிறது.